பேய் பேசிய பாஷை

பேயோட்டுகிற பாதிரியார் என்றால் இடுப்பு வரை தாடி இருக்கும், கண்ணைப் பார்த்தாலே உதறல் எடுக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். வந்தவர் ஸ்கூட்டரில் வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றி எங்கள் ஷூ ஸ்டாண்ட் மேல் வைத்துவிட்டு, சர்க்கரை இல்லாமல் டீ கேட்டார். எனக்குச் சப்பென்று போய்விட்டது.

ஆனால் அம்மாவுக்கு அவர்தான் கடைசி நம்பிக்கை. ஓசூரில் உதிரிபாகக் கம்பெனிக்குப் போகிற என் தங்கச்சி, நைட் ஷிப்ட் முடிந்து பகலில் தூங்கும்போது புரியாத பாஷையில் கத்த ஆரம்பித்திருந்தாள். எங்கள் தெருவில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் எல்லார் வாயிலும் புரளும். கம்பெனி புண்ணியத்தில் இந்தியும் கொஞ்சம் வரும். இது எதிலும் சேரவில்லை. படிக்காத பாஷை பேசினால் பேய்தான் என்று அம்மா முடிவு கட்டிவிட்டாள். சங்கிலியில் கட்டிவைத்து ஜெபிக்கிற ஓர் இடத்துக்கு அவளை அழைத்துப்போகப் பையும் தயார். நான் போட்ட சண்டையில்தான், ஆயரிடம் அனுமதி பெற்ற இவரைப் பங்குச்சாமி அனுப்பிவைத்தார். இவரும் பேய் என்று சொல்லிவிட்டால் தங்கச்சி கதி என்ன? இருந்தாலும், பொய் சொல்வானேன், எப்படி ஓட்டுவார் என்று பார்க்கவும் ஆசையாக இருந்தது.

அவர் எதையும் ஓட்டவில்லை. கேள்விதான் கேட்டார். “பாப்பா நல்லா சாப்பிடுதா? டாக்டர்கிட்ட காட்டினீங்களா?”

“டாக்டரு என்னாத்துக்குங்க சாமி? தெரியாத பாஷை பேசறா. அது பேயோட அடையாளம் இல்லீங்களா?”

“அடையாளம்தான்மா. நமக்குப் புரியலைன்னா யாருக்குமே புரியாதுன்னு ஆயிடுமா?”

பெண்ணுக்காக ஜெபிக்கும்போது கூடவே ஒரு பெண் இருக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கமாம். அதற்காக ஒரு கன்னியாஸ்திரி தனியாக ஆட்டோவில் வந்து சேர்ந்தார். ஒடிசாக்காரர், கான்வென்ட் ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

அவர் உட்காருவதற்குள் உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்த தங்கச்சி கத்தினாள். அம்மா ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டாள். பாதிரியார் கழுத்தில் போடும் ஊதாத் துண்டைப் பையிலிருந்து எடுத்தார். கன்னியாஸ்திரி அவர் கையைத் தடுத்தார்.

“ஃபாதர், இது எங்க ஊர் பாஷை. ‘மெஷின நிறுத்து, என் கை உள்ள இருக்கு’ன்னு சொல்றா.”

துண்டு பைக்குள் திரும்பிப் போனது. தங்கச்சி விழித்ததும் பாதிரியார் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, கன்னியாஸ்திரியின் பாஷையில் அவள் கத்தியதைச் சொல்லி விசாரித்தார். அன்றைக்குத்தான் வாயைத் திறந்தாள். லைனில் கூட வேலை செய்த ஒடிசாப் பெண்ணின் கை பிரஸ் மெஷினில் மாட்டிக்கொண்டதாம்.

“மெஷினுக்கு அந்தாண்ட நின்னா சாமி, ஆளே தெரியல. யாரையோ திட்டறான்னு நெனச்சுட்டேன். ஸ்டாப் பட்டன் என் பக்கத்துலதான் இருந்துச்சு.” பிறகு கன்னியாஸ்திரியைப் பார்த்தாள். “அவ என்னா சொன்னா சிஸ்டர்?”

கன்னியாஸ்திரி பாதிரியாரைப் பார்த்தார். அவர் தலையசைத்ததும் சொன்னார். தங்கச்சி அழுத அழுகை இருக்கிறதே, அப்பப்பா, என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

“இதுக்கு நான் செய்ய ஒண்ணுமில்லம்மா. நாளைக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க” என்றார் பாதிரியார்.

“அவளப் பாக்கணும்” என்றாள் தங்கச்சி. “கை வலிக்குதான்னு உங்க பாஷையில எப்படிக் கேக்கறது சிஸ்டர்?”

கன்னியாஸ்திரி சொல்லிக்கொடுத்தார். தங்கச்சி திக்கித் திக்கித் திரும்பச் சொன்னாள். கட்டிவைத்த பையின் பக்கத்தில் நின்றபடி, அம்மாவும் அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள்.