அவர் விரலுக்கு ஒரு கீபோர்டு

போன வருடம் ஆடி மாதம், ஒரு சனிக்கிழமை. சேலம் புது பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிற ஒரு கம்ப்யூட்டர் கடையில் நடந்தது இது. கீபோர்டு வாங்கப் போனதில் மறக்க முடியாதபடி என்ன இருக்கும் என்று நீங்கள் கேட்கலாம். அன்று காலை திருச்செங்கோட்டில் என் கணவரோடு பஸ் ஏறும்போது நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நான் வீட்டில் இருந்தபடியே பத்திரம் டைப் அடித்துக் கொடுக்கிறேன். ஊரில் ஒரு பத்திர எழுத்தர் விவரங்களை அனுப்புவார், நான் அடித்துத் திருப்பி அனுப்புவேன். என்னுடைய பழைய கீபோர்டு வயதாகி, நாலாம் நம்பர் சில சமயம் விழாமல் போய்க்கொண்டிருந்தது. பத்திரத்தில் சர்வே எண் ஒன்று தப்பினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒருமுறை அப்படி ஆகி, பதிவுக்குப் போவதற்கு முன்பே எழுத்தர் கண்ணில் பட்டதால் பிழைத்தேன். "அடுத்த தடவ எனக்கும் கண்ணு தப்பிருச்சுன்னா என்னங்க பண்றது?" என்று மட்டும் கேட்டார். வேறு கீபோர்டு வாங்கித்தான் ஆக வேண்டும்.

என் கணவர் போர்வெல் ரிக் வண்டியில் டிரில்லராக இருந்தவர். வருடத்தில் பாதி நாள் வெளி மாநிலத்தில் இருப்பார். அங்கே ஒரு ஊரில் வேலை நடக்கும்போது இரும்பு ராடு நழுவி இடது கையில் அடித்துவிட்டது. ஆபரேஷன் செய்து கையைக் காப்பாற்றினார்கள். ஆனால் மோதிர விரலும் சுண்டு விரலும் பேருக்குத்தான் இருந்தன. மடங்கும், நீளும், எதையும் அழுத்தாது. பிசியோதெரபி செய்யும் பெண் ஒரு பஞ்சுப் பந்தைக் கொடுத்து, தினமும் பிடித்துப் பிடித்து விடச் சொல்லியிருந்தார். முதல் வாரம் செய்தார். பிறகு அந்தப் பந்து கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது.

கையைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. அவர் சட்டைப் பொத்தானில் தடுமாறினால் நான் போய்ப் போட்டுவிடுவேன். பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் மழையைப் பற்றியும் மரவள்ளி விலையைப் பற்றியும் பேசிவிட்டு, கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு வருத்தப்படுவார்கள். அவர் இடது கையை எப்போதும் துண்டுக்குள்ளோ பாக்கெட்டுக்குள்ளோ வைத்துக்கொண்டிருப்பார்.

நான் கீபோர்டு வாங்கப் போவதாகச் சொன்னபோது அவர்தான், "மெக்கானிக்கல் பாரு. ஒவ்வொரு கீக்கும் தனி ஸ்பிரிங்கு, தனி சுவிட்சு. சீக்கிரம் போகாது. நானும் சாயங்காலம் கேம் ஆடிக்குவேன்" என்றார். ரிக்கில் இருந்தபோது வேலை இல்லாத நேரத்தில் பசங்களோடு போனில் விளையாடிப் பழக்கம். அடிபட்டபிறகு அவர் ஒரு பொருளை வேண்டும் என்று சொன்னது அதுதான் முதல்முறை. அதனால் விலை கூடுதலாக இருக்குமே என்று தோன்றியும் நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் எங்கள் கைக்கு அடங்குகிற விலையில்தான் வாங்க முடியும் என்பது இரண்டு பேருக்குமே தெரியும்.

கடை குறுகலாக இருந்தது. விற்பனை செய்யும் இளைஞர் வரிசையாக எடுத்து வைத்தார். எல்லாப் பெட்டியின் படத்திலும் கலர் கலராக லைட். பெட்டியைப் பிரித்தால் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதால், பார்ப்பதற்கென்று ஒன்றே ஒன்றை வெளியே வைத்திருந்தார்கள். நான் நாலு எழுத்து அடித்துப் பார்த்தேன். விரலுக்கு நன்றாகத்தான் இருந்தது, ஆனால் டக் டக்கென்று கடை முழுக்கக் கேட்டது. எங்களுடையது வாடகை வீடு. பக்கத்து வீட்டுக்காரர் நைட் ஷிப்ட் முடித்துவிட்டு வந்து, எங்களுக்கும் அவருக்கும் பொதுவான சுவர் ஓரமாகத்தான் பகலில் படுப்பார். இது ஆகாது என்று நினைத்துக்கொண்டே தள்ளி வைத்தேன்.

என் கணவர் வலது கையால் மட்டும் ஒரு கீயைத் தொட்டுப் பார்த்தார். அந்த இளைஞர், "ரெண்டு கையும் வெச்சுப் பாருங்க சார், அப்பத்தான் தெரியும்" என்றார். பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது. இவர் கை பாக்கெட்டை விட்டு வரவில்லை. நான் அவசரமாக, "எனக்குத்தாங்க வாங்கறோம், நானே பாத்துக்கறேன்" என்றேன். அந்த இளைஞர் கீபோர்டை எடுத்துத் துணியால் துடைக்க ஆரம்பித்தார்.

கல்லாப் பக்கத்தில் ஒரு அம்மா நின்றுகொண்டிருந்தார். ஐம்பதை ஒட்டிய வயது இருக்கும். வெளிர் பச்சைக் காட்டன் சேலை, கையில் காய்கறி வாங்கும் ஒயர் கூடை. கூடைக்குள் துண்டில் சுற்றிய கீபோர்டு ஒன்று எட்டிப் பார்த்தது. மகனுக்கோ மருமகனுக்கோ ரிப்பேருக்குக் கொண்டுவந்திருப்பார் என்று எண்ணிக்கொண்டேன். பாக்கெட்டை விட்டு வராத கையை அவர் கவனித்திருக்க வேண்டும். என் கணவரைப் பார்த்து, பஸ் எப்போது வரும் என்று விசாரிக்கிற மாதிரி இயல்பாகக் கேட்டார்.

"எந்த வெரலுங்க தம்பி வராதது?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் கணவருக்குக் கோபம் வரப்போகிறது என்று பயந்தேன். அவரோ கையை வெளியே எடுத்தார்.

"மோதிர வெரலும் சுண்டு வெரலுமுங்க."

"வலிக்குதுங்ளா, பலமில்லைங்ளா?"

"வலி போயிருச்சுங்க. மடங்குது. அமுத்தத்தான் வராது."

அந்த அம்மா தன் கையை நீட்டிக் காட்டினார். விரல் கணுக்கள் எல்லாம் வீங்கி உருண்டிருந்தன. "எனக்கு வேற மாதிரி. காலைல எந்திரிச்சா ஒண்ணும் மடங்காது. அதனால எந்தச் சுவிட்சு எம்புட்டு கனம்னு எல்லாத்தயும் போட்டுப் பாத்துட்டனுங்க. எம்பட கீபோர்டு இருக்குது, வந்து அமுத்திப் பாருங்க. இங்க எடமில்ல, பக்கத்து பேக்கரிக்குப் போலாம்." பிறகு விற்பனையாளரிடம், "இவங்க திரும்ப உங்ககிட்டத்தான் வருவாங்க சாமி, பயப்படாதீங்க" என்றார். அவரும் சிரித்துவிட்டார்.

பேக்கரியில் டீ சொல்லிவிட்டு உட்கார்ந்தோம். அவர் எருமப்பட்டிப் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கிறாராம். கணவரும் அவரும்தான் பார்த்துக்கொள்கிறார்கள். மகள் வெளிநாட்டில் வேலையில் இருக்கிறார், அவரோடு கம்ப்யூட்டரில் கேம் ஆடத்தான் இந்தக் கீபோர்டாம். இந்த வயதில் எப்படி கேம் பழக்கம் என்று நான் தயங்கித் தயங்கிக் கேட்டதற்கு அவர் சொன்ன பதில் இன்னும் என் காதில் இருக்கிறது.

"போன் பண்ணா அஞ்சு நிமிசத்துல, செரிம்மா வெக்கறேன்னு வெச்சுருவாளுங்க. கூட வெளையாண்டா ஒரு மணி நேரம் இருப்பா. ஓடு, ஒளிஞ்சுக்கன்னு சொல்லிக்கிட்டே ஆபீஸ் கதை, சாப்பாட்டுக் கதை எல்லாம் வந்துரும். அதுக்குத்தான் பழகுனது. இப்ப அவளவிட நாந்தான் நல்லா ஆடறேன்."

பேசிக்கொண்டே துண்டைப் பிரித்துக் கீபோர்டை மேசைமேல் வைத்தார். ஒயர் சொருகும் இடம் லூசாகி, அன்றுதான் சரிசெய்து வாங்கியிருந்தார். சுவிட்ச் வகைகளை எனக்குச் சொன்னார். நீலம் என்றால் சத்தம் போடும். சிவப்பு தங்குதடையில்லாமல் இறங்கும். பிரவுன் என்றால் பாதி வழியில் லேசாக ஒரு தட்டுத் தட்டி, விழுந்துவிட்டது என்று விரலுக்குச் சொல்லும். டைப் அடிக்கிறவர்களுக்குப் பிரவுன் பிடிக்கும், சத்தமும் குறைவு. அவருடைய கீபோர்டில் சுவிட்சுகளைக் கழற்றி மாட்டலாம். அதனால் வலிக்கிற விரல்கள் படும் இடத்தில் மட்டும் மிக லேசான ஸ்பிரிங் உள்ளவற்றைப் போட்டிருந்தார்.

"கேம்ல எடது பக்கம் போறதுக்கு ஏ கீயிங்க. அதுல மோதிர வெரலுதான் உக்காரும். வையுங்க தம்பி."

அவர் வைத்தார். அழுத்தும்போது கை முழுவதும் சேர்ந்து எழும்பி விழுந்தது.

"அப்படியில்ல. மணிக்கட்ட மேசைல சாச்சுக்குங்க. வெரலு மட்டும்."

மறுபடி வைத்தார். நான் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. நகத்தைச் சுற்றி வெளுத்தது. அப்புறம் கீ மெதுவாக இறங்கி, மேலே வந்தது.

 திரும்ப அழுத்தினார். திரும்பவும். பேக்கரியில் வருகிறவர்கள் போகிறவர்கள் யாரையும் கவனிக்கவில்லை. சுண்டு விரலையும் வைத்துப் பார்த்தார், அது அசையவே இல்லை. "அது இன்னைக்கு வேண்டாம், உட்ருங்க" என்றார் அந்த அம்மா. கொஞ்சம் கழித்து என் கணவர் என் பக்கம் திரும்பி, "எறங்குது பாத்தியா" என்றார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். பேசினால் அழுதுவிடுவேன் போல இருந்தது, பேக்கரியில் உட்கார்ந்து அழ எனக்கு வெட்கம்.

அந்த அம்மா கூடைக்குள் இருந்து சின்னப் பிளாஸ்டிக் கவர் ஒன்றை எடுத்தார். உள்ளே கழற்றிய சுவிட்சுகள். "இது எல்லாத்தயும்விட லேசு. எனக்கு மிச்சமானது, வெச்சுக்குங்க. கழட்டி மாட்டற கீபோர்டான்னு மட்டும் கேட்டு வாங்குங்க" என்றவர், என்னைப் பார்த்தார். "சின்னதாப் பாத்தா வெலையும் கம்மிங்க அம்மிணி. ஆனா அதுல வலது பக்கம் நம்பரு இருக்காது."

இருக்கட்டும், மேல் வரிசை நம்பரில் அடித்துக்கொள்வேன் என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் என் கணவர், "அது ஆகாதுங்க. பத்திரம் அடிக்கறவளுக்கு நம்பர் வேணும். மொதல்ல அவளுக்கு, அப்பறந்தான் எனக்கு" என்றார். கையில் அந்த சுவிட்ச் கவரை வைத்துக்கொண்டு அப்படிச் சொன்னார். 

நாமக்கல் பஸ் கிளம்பப் போகிறது என்று அந்த அம்மா அவசரமாக எழுந்தார். டீக்கு நாங்கள்தான் கொடுப்போம் என்று என் கணவர் அடம்பிடித்தார். "செரி, நான் வாரேனுங்க" என்று கூடையை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டார். பெயர் கேட்கவில்லை, போன் நம்பர் வாங்கவில்லை. இரண்டு பேரில் ஒருவருக்காவது தோன்றியிருக்கக் கூடாதா என்று பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது.

கடைக்குத் திரும்பிப் போய்க் கேட்டோம். சுவிட்ச் கழற்றி மாட்டுகிற மாதிரி இருக்க வேண்டும், நம்பரும் இருக்க வேண்டும், பிரவுன் வேண்டும், விலையும் கட்டுப்படியாக வேண்டும். விற்பனையாளர் தலையைச் சொறிந்துவிட்டு, மேல் தட்டிலிருந்து தூசி படிந்த பெட்டி ஒன்றை இறக்கினார். சாம்பல் நிறம், பார்ப்பதற்கு அரசாங்க ஆபீஸில் இருக்கிறது போல இருந்தது. "இதுல லைட்டே இல்லீங்க, அதனால யாரும் கேக்கறதில்ல" என்றார். எங்களுக்கு லைட் எதற்கு? அதையே வாங்கிக்கொண்டோம்.

மறுநாள் காலை அவர் தரையில் துண்டை விரித்து வேலையை ஆரம்பித்தார். பெட்டியோடு வந்த இடுக்கியால் வலது கை சுவிட்சைப் பிடுங்கும், கீபோர்டு நழுவாமல் இடது கை பிடித்துக்கொள்ளும். புது சுவிட்ச் ஒன்றை மாட்டும்போது அதன் மெல்லிய பின் வளைந்துவிட்டது. பழக்க தோஷத்தில் நான் கையை நீட்டினேன். "இரு, நான் பாக்கறேன்" என்றார். ஊசி முனையால் அதை நிமிர்த்தி மாட்டிவிட்டு, என்னை நிமிர்ந்து பார்த்தார். பெரிய பெரிய இரும்பைக் கழற்றி மாட்டின மனிதர் அல்லவா. அந்தப் பார்வையைப் பார்த்து நாளாகியிருந்தது.

முதலில் ஒரு கார் பந்தய கேம் போட்டார். நாங்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! கார் வலது பக்கம் சரளமாகத் திரும்பும், இடது பக்கம் திரும்பவே திரும்பாது. ஒவ்வொரு இடது வளைவிலும் வலது பக்கச் சுவரில் போய் முட்டிக்கொண்டு நிற்கும். அவர் விடவில்லை. தினமும் சாயங்காலம் நான் பத்திரத்தை முடித்து எழுந்ததும் அவர் உட்காருவார். ஐப்பசி வந்தபோது கார் இடது பக்கமும் திரும்ப ஆரம்பித்தது, கொஞ்சம் தாமதமாக.

பிசியோதெரபி பெண் விரலைப் பிடித்துப் பார்த்துவிட்டு, நல்ல முன்னேற்றம் என்றார். கேமை மட்டும் நம்பி இருக்காதீர்கள், பயிற்சியையும் செய்யுங்கள் என்று கண்டிப்பாகவும் சொன்னார். இப்போது இரண்டையும் செய்கிறார். சுண்டு விரல் பாதிதான் வந்திருக்கிறது. அது முழுசாக வராது என்றும் சொல்லிவிட்டார்கள். ரிக் வேலைக்கு இனி போக முடியாது. அந்த வருத்தம் அவருக்கு உண்டு, இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் தைக்கு அப்புறம் ரிக் சாமான் விற்கும் கடை ஒன்றில் ஸ்டாக் கணக்கு ஏற்றும் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். கம்ப்யூட்டரில் இரண்டு கையாலும் அடிக்கிறார், நிதானமாக.

சமீபத்தில் ஒரு கல்யாணத்துக்காக எருமப்பட்டி வழியாகப் போனோம். சாலை ஓரத்தில் கோழிப்பண்ணை வரும்போதெல்லாம் இரண்டு பேரும் பஸ் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தோம். அங்கே எத்தனையோ பண்ணைகள். யாரிடம், என்னவென்று கேட்பது?

எங்களுக்காக வருத்தப்பட்டவர்கள் நிறையப் பேர் உண்டு, அவர்கள் அன்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனாலும் அடிபட்ட யாரையாவது பார்க்கப் போகும்போது, அவர் முகத்தைப் பார்த்து நேராகக் கேட்டுவிட வேண்டும், அவர் சொல்வதை உட்கார்ந்து கேட்க வேண்டும் என்று இப்போது எனக்குத் தோன்றுவதற்கு, பெயர்கூடத் தெரியாத அந்த அம்மாதான் காரணம்.