அப்பாவின் முகத்தில் வேறொருவர் குரல்

தலைத்திவசத்துக்கு வந்திருந்து, இலையில் அமர்ந்து சாப்பிட்டு எழுந்த கையோடு இந்தச் சிறு மலரை வாங்கிக்கொள்ளும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். இது போன்ற மலர்களில் நல்லதை மட்டுமே எழுதுவது வழக்கம். தம்பியும் அப்படித்தான் எழுதச் சொன்னான். அப்பாவைப் பற்றி எழுத நல்லது நிறையவே இருக்கிறது. ஆனால் அப்பாவுக்கு நேர்ந்த ஒன்றை எழுதாமல் விட்டால், இந்த மலரும் அவருக்குச் செய்த இன்னொரு துரோகமாகிவிடும். ஆகவே எழுதுகிறேன். யாருக்கேனும் சங்கடமாக இருந்தால் இருக்கட்டும்.

அப்பா பிறந்தது திருநெல்வேலிப் பக்கம், தாமிரபரணிக் கரையில் ஒரு சின்ன ஊர். தாத்தா காலமானபோது அப்பாவுக்கு மீசை அரும்பவில்லை. திருவனந்தபுரத்தில் சாலை என்ற கடைத்தெருவில் மிளகாயும் பருப்பும் மொத்த வியாபாரம் செய்துவந்த தூரத்து உறவினர் ஒருவர், கடைக்கு ஆள் வேண்டும் என்று அழைத்து வந்தார். வந்து இறங்கியபோது அப்பாவுக்குத் தமிழைத் தவிர வேறு பேச்சு தெரியாது.

மற்ற மொழிகள் எல்லாம் அந்தக் கடையில் கிடைத்தவை. மிளகாய் மூட்டையோடு வந்த ஆந்திராக்காரர்களிடம் தெலுங்கு, பாக்கு வியாபாரிகளிடம் கன்னடம், பெருங்காயமும் பூண்டும் கொண்டுவந்த வடக்கத்தியர்களிடம் இந்தி. மலையாளம் தெருவிலேயே கிடந்தது. பாடம் படித்து ஒன்றும் கற்கவில்லை. "ஒருத்தன் விலை பேசும்போது பாரு, அப்பத்தான் அவன் நெஜமான பேச்சு வெளிய வரும்" என்பார் அப்பா. கடைசிவரை அதுதான் அவருடைய நடிப்புப் பயிற்சி. எந்த மொழியில் வேஷம் வந்தாலும், அந்த ஆட்கள் சாமான் வாங்கும் இடமாகப் பார்த்துப் போய் நின்றுவிடுவார்.

சினிமாவும் அந்தத் தெருவில்தான் அவரைப் பிடித்தது. சாலையில் ஒரு படப்பிடிப்பு நடந்தது. மிளகாய் வியாபாரி வேஷம் கட்ட வேண்டியவர் வரவில்லை. யாரோ அப்பா வேலைபார்த்த கடையைக் கை காட்டினார்கள். அப்பா தோளில் கிடந்த துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டு, தெலுங்கில் ஒரு சண்டை போட்டுவிட்டு, மறுபடியும் வந்து தராசைப் பிடித்தார். அடுத்த வருடங்களில் தராசு கைவிட்டுப் போனது.

நான்கைந்து மொழிப் படங்களில் அப்பா நடித்தார். பெயர் சொன்னால் யாருக்கும் தெரியாது, முகத்தைக் காட்டினால் எல்லோரும் "ஓ, இவரா" என்பார்கள். அப்படிப்பட்ட நடிகர். ஆனால் ஒரு விஷயம் இருந்தது. மலையாளப் படத்தில் அப்பா எப்போதும் பாண்டி, தமிழனை அங்கே கேலியாகச் சொல்லும் பேர். வட்டிக்காரன், லாரிக்காரன், அடி வாங்கும் ரௌடி. தமிழ்ப் படத்துக்குப் போனால் டீக்கடைச் சேட்டன், மாந்திரீகம் செய்யும் மலையாளத்தான். தெலுங்கில் மதராஸ் சமையல்காரர். எங்கே போனாலும் வெளியூர்க்காரன்தான். எல்லா மொழியையும் பிசிறில்லாமல் பேசத் தெரிந்த மனிதரைக் கூப்பிட்டு, எல்லா மொழியிலும் கொச்சையாகப் பேசச் சொன்னார்கள்.

என் வகுப்புப் பிள்ளைகள் அப்பாவின் அரைகுறை மலையாள வசனத்தை என் முகத்துக்கு நேரே பேசிக் காட்டிச் சிரிப்பார்கள். வீட்டுக்கு வந்து அழுதால் அப்பா கோபப்பட மாட்டார். "உடைச்சுப் பேசணும்னா முழுசாத் தெரிஞ்சிருக்கணும்டி. அவங்க பேசிக் காட்டறாங்களே, அதுல பாதிகூட வராது பாரு" என்பார். நானும் சிரித்துவிடுவேன். ஆனால் அது அவரை உறுத்தாமல் இல்லை. எங்களுக்குக் காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

இனி சித்தப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரத்த உறவு இல்லை. அவர் மலையாளி. அப்பாவை அண்ணாச்சி என்று அழைத்ததால் எங்களுக்குச் சித்தப்பா. அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. இதை வாசிக்கும் எல்லோருக்கும் தெரியும். ஸ்டுடியோவில் சின்னச் சின்ன வேஷங்களுக்குக் குரல் கொடுத்துக்கொண்டு, தங்க இடமில்லாமல் திரிந்தவரை அப்பா வீட்டுக்குக் கூட்டிவந்தார். மாடி அறையில் வருடக்கணக்கில் இருந்தார். கேட்டுக்கு வெளியே நின்றபடியே "அண்ணாச்சி, ஊணு கழிஞ்ஞோ?" என்று அவர் குரல் கொடுத்தால், அம்மா இன்னொரு தட்டு எடுத்து வைப்பாள். வசனத்தில் எங்கே நிறுத்த வேண்டும், எங்கே மூச்சை விட வேண்டும் என்று அப்பா அவருக்கு எங்கள் கூடத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்ததைப் பார்த்து வளர்ந்தவள் நான். பின்னால் அவர் உதவி இயக்குநரானார், இயக்குநரானார். ஒவ்வொரு முறையும் அப்பாவின் காலில் விழுந்துவிட்டுத்தான் போனார்.

ஒருநாள் அவர் வீட்டுக்கு வந்து சொன்னார். "அண்ணாச்சி, புதிய படம். நாயகனோட அச்சன். ரிட்டயரான பள்ளிக்கூட மாஷ். முழுப் படமும் உண்டு. இதுல நீங்க பாண்டி இல்ல, கேட்டோ. சுத்த மலையாளி."

அப்பா எழுந்து பின்கட்டுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். துண்டால் துடைத்த பிறகும் கண் சிவந்துதான் இருந்தது. ஐம்பது வருடமாக இருக்கும் ஊரில், முதல்முறையாக அந்த ஊர்க்காரனாக நிற்கக் கூப்பிட்டிருந்தார்கள். அதன் அருமை எங்கள் எல்லோருக்கும் புரிந்தது.

அப்பா தயாரான விதத்தைப் பார்த்திருந்தால் நீங்களும் சிரித்திருப்பீர்கள். ஓய்வுபெற்ற மாஷ் எங்கே விலை பேசுவார்? காய்கறிச் சந்தையில். தினமும் காலையில் கரமனைச் சந்தைக்குப் போய், கண்ணாடியை மூக்கு நுனியில் தள்ளிக்கொண்டு, வாத்தியார் தோரணையில் வெண்டைக்காயை ஒடித்துப் பார்ப்பார். காய் விற்கும் ஓமனா சேச்சி, "மாஷ் ஏது ஸ்கூளிலா படிப்பிச்சது?" என்று, நிஜ வாத்தியார் என்றே நம்பிக் கேட்ட அன்று அப்பாவைப் பிடிக்க முடியவில்லை. தேவையே இல்லாத பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்.

வீட்டுக்குள் தமிழ்தான் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அதைப் போட்டவரே மீறினார். அம்மாவிடம்கூட மலையாளம். அம்மா என்னிடம் முறையிட்டாள்: "ஏட்டி, இந்தக் கூத்தக் கேட்டியா? கல்யாணமாகி வந்த நாள்லேருந்து அடுப்படியில நான் மலையாளம் கேட்டதில்ல. இப்ப எல முன்னால உக்காந்துகிட்டு, 'சோறு விளம்பு'ங்காக. யாரோ வீட்டுக்கு வந்த வாத்தியாருக்குப் பரிமாறுத மாரி இருக்கு!" சொல்லும்போது அவளுக்கும் பெருமைதான்.

படப்பிடிப்பு நல்லபடியாக முடிந்தது. படம்பிடிக்கும்போது பதிவாகும் சத்தத்தை அடையாளத்துக்கு வைத்துக்கொண்டு, பின்னால் ஸ்டுடியோவில் உட்கார்ந்து வசனத்தை மறுபடி பேசுவார்கள். டப்பிங் என்று எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதற்கு அழைப்பு வரும் என்று அப்பா காத்திருந்தார். தொண்டை கட்டிவிடக் கூடாதே என்று, தயிர் இல்லாமல் சோறு இறங்காத மனிதர் தயிரை விட்டார். அம்மா சுக்கு வெந்நீர் போட்டுக் கொடுத்தபடியே இருந்தாள். அப்பா போன் செய்யும்போதெல்லாம் சித்தப்பா, "அண்ணாச்சியோட பார்ட் கடைசியிலதான். ஞான் விளிக்காம், கூப்பிடறேன். தொண்டைய நல்லா வெச்சுக்கோங்க" என்று சொன்னார். தொண்டையை நல்லா வெச்சுக்கோங்க என்று அவர் வாயால் சொன்னதை ஸ்பீக்கரில் நானே கேட்டேன்.

அடுத்து வந்த அழைப்பு டப்பிங்குக்கு அல்ல, படம் பார்க்க. நாங்கள் வெகுளிகள், அப்போதும் புரியவில்லை. ஏதோ புதிய தொழில்நுட்பம், படப்பிடிப்புச் சத்தத்தையே வைத்துக்கொண்டார்கள் போல என்று அப்பாவே சமாதானம் சொன்னார். அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டாள்.

திரையில் அப்பா வந்தார். வேட்டியும் கண்ணாடியுமாக நடந்து வந்து, மகனைப் பார்த்து வாயைத் திறந்தார். வந்தது அப்பாவின் குரல் இல்லை.

அது யார் குரல் என்று எனக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் கேட்டுக்கு வெளியே நின்று, சாப்பாடு ஆயிற்றா என்று கேட்ட குரல். அம்மா என் கையைப் பிடித்தாள். முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்த அப்பா மெதுவாகப் பின்னுக்குச் சாய்ந்துகொண்டார்.

வெளியே சித்தப்பா ஓடிவந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "தெற்றித்தரிக்கருது அண்ணாச்சி, தப்பா நெனைக்கக்கூடாது. எவிடெயோ ஒரு தமிழ்ச் சுவை இருக்குன்னு ப்ரொட்யூசர் சம்மதிச்சில்ல. வேற எவனாவது பேசறதுக்குப் பதிலா நம்ம வீட்டு ஆளே பேசட்டும்னுதான் நானே பேசினேன்."

நம்ம வீட்டு ஆள். அந்த வார்த்தையை அவர் அன்று சொல்லாமல் இருந்திருந்தால், இவ்வளவு நாள் கழித்து நான் இதை எழுதியிருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன்.

அப்பா கோபப்படவில்லை. "சொல்லியிருக்கலாமே தம்பி, நான் தயிராவது சாப்பிட்டிருப்பேனே" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

படம் ஓடியது. தெருவில் போகிறவர்கள் நிறுத்திக் கைகொடுத்தார்கள். "அந்தச் சப்தம், ஹோ!" என்று குரலைத்தான் முதலில் புகழ்ந்தார்கள். ஓமனா சேச்சி ஒருத்திதான், "படத்திலே மாஷுடே சப்தம் இல்லல்லோ, எந்து பற்றி?" என்று கேட்டாள். என்ன ஆயிற்று என்று கேட்ட ஒரே ஆள். அப்பா கத்தரிக்காயைப் பொறுக்கிக்கொண்டே இருந்துவிட்டு வந்தாராம்.

பிறகு ஒரு பாராட்டு விழா. மேடையில் அப்பாவும் சித்தப்பாவும் அருகருகே. பொன்னாடை போர்த்தியதும், கூட்டத்திலிருந்து அந்தப் படத்து வசனத்தை ஒருமுறை பேசிக் காட்டச் சொல்லிக் குரல்கள் எழுந்தன. அப்பா மைக்குக்கு முன்னால் வந்து நின்றார். சித்தப்பாவின் முகம் வேர்த்துப்போனதை முன்வரிசையிலிருந்து பார்த்தேன். அப்பா அந்த வசனத்தைத் தன் குரலில் பேசியிருந்தால், ஒரு வரி போதும், எல்லாம் வெளியே வந்திருக்கும். பேசுங்கள் அப்பா, பேசுங்கள் என்று என் நெஞ்சு அடித்துக்கொண்டது. அப்பா சித்தப்பாவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தமிழில், "எல்லாருக்கும் ரொம்ப நன்றி" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

அன்றோடு அப்பா மலையாளம் பேசுவதை விட்டார். மற்ற மொழிகளையும் விட்டார். வேஷங்கள் வந்தன, உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டார். பிறகு உடம்புக்கு நிஜமாகவே முடியாமல் போயிற்று. ஆஸ்பத்திரியில் நர்ஸ் பெண் வந்து, "அச்சா, வேதன உண்டோ?" என்று கேட்பாள். "இல்லம்மா, நல்லாத்தான் இருக்கேன்" என்று தமிழில்தான் பதில். புதிய டாக்டர்களுக்கு அப்பா சொல்வதை நான் மலையாளத்தில் எடுத்துச் சொல்வேன். கடைத்தெருவுக்குக் கூட்டிப்போய் எனக்கு மலையாளம் சொல்லிக்கொடுத்த மனிதருக்கு நான் மொழிபெயர்த்துக்கொண்டு நின்றேன். பொறுக்க மாட்டாமல், "ஏம்ப்பா இப்படிப் பண்றீங்க?" என்று கேட்டேன்.

"வீம்பு இல்லம்மா. அந்தப் பேச்சு இப்ப எங்கிட்ட இல்ல. அவங்கிட்ட இருக்கு" என்றார்.

அப்பா போன அன்று சித்தப்பா மாலையோடு வந்தார், கேமராக்களும் கூட வந்தன. எனக்குத் தகப்பன் போன்றவர் என்று சொல்லி அழுதார். அழுகை பொய் என்று நான் சொல்லமாட்டேன். கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டு டிவியில் அந்தப் படத்துக் காட்சியைத் திரும்பத் திரும்பப் போட ஆரம்பித்தார்கள். கூடத்தில் அப்பா வாய்மூடிப் படுத்திருக்க, சுவருக்கு அந்தப்பக்கம் அப்பா சித்தப்பாவின் குரலில் பேசிக்கொண்டிருந்தார். அதுவரை அழாமல் இருந்த அம்மா, "அத நிறுத்தச் சொல்லுட்டி! சாவு வீட்டுல அன்னியச் சத்தம் எதுக்கு?" என்று கத்தினாள். நிறுத்தினார்கள்.

படப்பிடிப்பில் பதிவான அப்பாவின் குரலாவது கிடைக்குமா என்று பிறகு சித்தப்பாவிடம் கேட்டேன். "அது அப்பவே டெலீட் ஆயிப்போச்சு மோளே" என்றார். ஆக, அப்பாவின் குரலில் எஞ்சியிருப்பது அவர் உடைத்துப் பேசிய பேச்சுகள்தான். முழுசாகப் பேசிய பேச்சு எங்கும் இல்லை.

இந்தச் சமயத்தில் நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். அப்பாவைத் தன் தகப்பனைப் போல் தூக்கி உட்கார்த்திவைத்த நர்ஸ் பெண்ணுக்கு. கேட்டபோதெல்லாம் ஆட்டோவோடு வந்து நின்ற எங்கள் தெரு முருகனுக்கு. கருமாதி நாட்களில் அடுப்பு மூட்ட விடாமல் சாப்பாடு கொண்டுவந்த சாலைக்கடைக் குடும்பங்களுக்கு. டிவியைச் சட்டென்று நிறுத்திய பக்கத்து வீட்டாருக்கு. எல்லோருக்கும் மேலாக, வெண்டைக்காய்க்கு விலை பேசிய அந்த மாஷின் குரலைக் காதால் கேட்ட ஓமனா சேச்சிக்கு. அந்தக் குரல் இந்த ஊரில் இருந்தது என்பதற்கு இனி அவர்தான் எங்களுக்குச் சாட்சி.

போன மாதம் சித்தப்பா போன் செய்தார். அண்ணாச்சிக்காக ஒரு வீடியோ தயார் செய்வதாகவும், நான் எழுதும் இந்தக் கட்டுரையைத் தானே வாசித்துப் பதிவு செய்ய ஆசைப்படுவதாகவும் சொன்னார். நம்ம வீட்டு ஆள்தானே என்றார். அப்போது பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இப்போது சொல்கிறேன்.

சித்தப்பா, இந்த மலரின் ஒரு பிரதி உங்களுக்கும் வரும். வாசியுங்கள். ஆனால் வாய்விட்டு வாசிக்க வேண்டாம். மனதுக்குள் வாசியுங்கள்.

மகள்