அடுப்பின் மேல் தொங்கிய கேஸட்

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள், "மிஸ், யாருகிட்ட பாட்டுக் கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டால் அந்தப் பாடகியின் பெயரைச் சொல்வேன். அவரை நான் நேரில் பார்த்தது கிடையாது. சேரம்பாடித் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான எங்கள் லயத்தில், ஒரு கேஸட்டில்தான் அவரிடம் கற்றேன். அது யாருடைய கேஸட் என்பதை மட்டும் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

நாங்கள் சிலோனிலிருந்து திரும்பி வந்தவர்கள். வந்த மறுவருடமே அப்பா இறந்துபோனார். அம்மா கொழுந்து பறித்தாள். அவளுடைய ஒரே தங்கை, என் சித்தி, அங்கேயே தங்கிவிட்டாள். இரண்டு பேருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. எங்கள் லயத்தில் பல வீடுகளில் அப்படித்தான்; கடிதத்துக்குப் பதில், பேசிப் பதிந்த கேஸட் யாராவது வருகிறவர் கையில் வரும். சித்தியின் கேஸட் வந்த அன்று அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள். பிறகு ஒவ்வொரு ஞாயிறும் கேட்டாள். மேலே யாரும் எதையும் பதிந்துவிடக் கூடாது என்று, கேஸட்டின் முதுகிலிருக்கும் இரண்டு பிளாஸ்டிக் துண்டுகளையும் சித்தி உடைத்தே அனுப்பியிருந்தாள்.

எனக்கு அப்போது பதினான்கு வயது. ரேடியோவில் அந்தப் பாடகியின் குரல் வந்தால் எனக்குச் சோறு இறங்காது. இரண்டு வாரம், வாரத்துக்கு அரை மணி நேரம், அவர் பாட்டு மட்டும் போடப்போவதாக அறிவித்தார்கள். வீட்டில் ரேடியோவும் டேப்பும் சேர்ந்த டூ-இன்-ஒன் இருந்தது; வேறு கேஸட் இல்லை. அம்மா மலையில் இருந்த நேரம், பஸ் டிக்கெட்டை மடித்து, சித்தி உடைத்திருந்த ஓட்டையில் திணித்தேன். சித்தியின் பேச்சை அழித்துக்கொண்டு பாட்டு பதிந்தது. அடுத்த வாரம் மறுபக்கத்தையும் நிரப்பினேன். அம்மாவுக்குத்தான் எல்லாம் மனப்பாடமாயிற்றே, தீபாவளிக்குச் சித்தி வேறு அனுப்புவாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவ்வளவு திமிர்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா கேட்டபோது, "பூஞ்சணம் பிடிச்சிருச்சும்மா, போட்டா டேப்பு அறுந்துரும்" என்றேன். மழைக்காலம். செருப்பு, பெல்ட், பாய் எல்லாமே பூத்துக் கிடந்தன. அம்மா நம்பினாள். நம்பியதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை, தன்னையே திட்டிக்கொண்டாள். "பொட்டிக்குள்ள போட்டு வச்சது என் புத்திகெட்டதனம்." கேஸட்டைத் துணியில் முடிந்து, அடுப்புக்கு மேலே ஈரத்துணி காயப்போடும் கம்பியில் தொங்கவிட்டாள்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அந்த முடிச்சை அவிழ்ப்பேன். அந்தப் பாடகி எங்கே மூச்செடுக்கிறார், எங்கே விடுகிறார் என்று கேட்டுக் கேட்டுப் பாடுவேன். அம்மா வருவதற்குள் அதே மாதிரி முடிந்து தொங்கவிடுவேன்.

சிலோனில் கலவரம் என்று ரேடியோ சொன்னது. அதற்குப் பிறகு சித்தியிடமிருந்து கேஸட்டும் வரவில்லை, தகவலும் வரவில்லை.

கலவரச் செய்தி வந்த வாரத்தில்தான் ஒருநாள் மறுபக்கத்தைக் கடைசிவரை ஓடவிட்டேன். பாட்டு முடிந்து கொஞ்ச நேரம் இரைச்சல். பிறகு சித்தியின் குரல். "பாட்டுக் கேக்குதுன்னு பிள்ளைய அடிக்காதக்கா. ஒத்தப் பிள்ள. சரி, வக்கிறேன்." அவ்வளவுதான் மிஞ்சியிருந்தது.

அதையாவது அம்மாவுக்குப் போட்டுக் காட்டியிருக்கலாம். "மிச்சம் எங்கடி?" என்று கேட்டால் என்ன சொல்வது? பயந்துபோய் மறுபடியும் முடிந்து தொங்கவிட்டேன். அம்மா என்னை அடித்துவிட்டிருந்தால் இன்றைக்கு நிம்மதியாக இருந்திருப்பேன்.

குன்னூரில் பாட்டு டீச்சர் வேலை கிடைத்து அம்மாவை அழைத்து வந்தபோது துணிமூட்டையோடு அந்த முடிச்சும் வந்தது. கேஸ் அடுப்புக்கு மேலே கம்பி இல்லை. அதனால் ஜன்னல் வெயிலில் வைத்தாள். பள்ளி விழாவில் நான் பாடியதைக் கேட்டுவிட்டு, "உன் சித்தி இதக் கேட்டிருக்கணும்" என்றாள். நான் தண்ணீர் குடிக்கப் போவதுபோல் எழுந்து போய்விட்டேன்.

கடைசியாக அம்மா ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அந்தக் கேஸட்டு இப்பவாவது காஞ்சிருக்குமாடி?"

"இன்னும் இல்லம்மா" என்றேன்.

என் குரல் கொஞ்சமும் பிசிறவில்லை. அந்தப் பாடகியிடம் கற்ற மூச்சு அது.