ஈயப்பொட்டு

சீடியை உள்ளே வைத்து மூடினால், பாட்டு செட்டின் முகப்பில் "சீடி இல்லை" என்று ஆங்கிலத்தில் எழுத்து வருகிறது. திறந்து பார்த்தால் சீடி வைத்த இடத்தில் இருக்கிறது. மூடினால் மறுபடியும் இல்லை என்கிறது. முகத்துக்கு நேரே பொய் சொல்பவர்களை எனக்குப் பிடிக்காது. கூட்டுறவுக் கடையில் பதினெட்டு வருடம் தராசுக்குப் பக்கத்தில் நின்றவள் நான். அரிசி மூட்டை வந்தால் மேலே கிடப்பதைப் பார்த்துக் கையெழுத்துப் போடமாட்டேன், அடிவரைக்கும் கையை விட்டுப் பார்ப்பேன். பொய் சொல்லும் ஒரு பெட்டியை வீட்டில் வைத்திருக்க என்னால் முடியாது.

வேறு காலமாக இருந்தால் தூக்கி மூலையில் போட்டிருப்பேன். ஆனால் அந்த நேரம் என் கணவருக்குப் பேச்சு என்று ஏதாவது இருந்ததென்றால் அது அந்த செட்டுக்குள்தான் இருந்தது.

பாரிசவாதம் வந்து அவருடைய வலது கையும் காலும் விழுந்தன. கூடவே கதைபேச்சும் போய்விட்டது. மிஞ்சியது ஒரே ஒரு சொல், ஆமாம் என்கிற ஓம். தேத்தண்ணி வேண்டுமா என்றால் ஓம். வேண்டாமா என்றால் அதற்கும் ஓம். இன்றைக்கு என்ன கிழமை என்றாலும் ஓம். முதல் மாதம் நான் அழுதேன். இரண்டாம் மாதம், இந்த மனுசன் நடிக்கிறாரோ என்று சந்தேகம் வந்தது. தனியாக இருக்கும்போது வேறு ஏதாவது சொல்கிறாரா என்று கதவுக்குப் பின்னால் நின்று காது கொடுத்துக் கேட்டேன். வேலியில் இருந்த காகம் கத்தியது. அதற்கும் ஓம் என்றார்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் சிங்களப் பிள்ளைதான் பாட்டைப் பற்றிச் சொன்னாள். "கதை இருக்கிற இடம் வேற அன்ரி, பாட்டு இருக்கிற இடம் வேற. பாட்டைப் போட்டுப் பாருங்க, சொல்லு தன்ர பாட்டில வரும்." எனக்கு நம்பிக்கை இல்லை. வைத்தியம் தெரியாதவர்கள் சொல்லும் சமாளிப்பு என்று நினைத்துக்கொண்டேன். இருந்தாலும் வீட்டுக்கு வந்து அவருடைய சீடியைப் போட்டேன். எப்போதோ கோயில் பெருநாளில் அவரும் கூட்டாளிமாரும் பாடிய பைலாப் பாட்டுகளை ஒருவர் பதிவு செய்து கொடுத்தது. இரண்டாவது வரியில் என் கணவர் வாயைத் திறந்தார். சொல் சொல்லாக, பிழையில்லாமல், தன்னுடைய பழைய குரலோடு சேர்ந்து பாடினார். நான் குசினி வாசலில் அப்படியே இருந்துவிட்டேன்.

அன்றிலிருந்து காலையும் பின்னேரமும் பாட்டு. இடது கையால் செட்டின் பெரிய பொத்தானை அவரே அமத்துவார். இரண்டு பாட்டு முழுதாக வந்தது, மூன்றாவது பாதி வந்தது. பாட்டிலிருந்து கழன்று "தண்ணி" என்ற சொல் ஒருநாள் தனியாக வெளியே வந்தது. தொடர்ந்து செய்தால் இன்னும் வரும், விட்டால் வந்ததும் போகும் என்று அந்தப் பிள்ளை சொல்லியிருந்தாள். அப்படியிருக்கும்போதுதான் செட் சீடி இல்லை என்று சொல்லத் தொடங்கியது.

சீடியைக் கடையில் கொடுத்துப் போனுக்கு ஏற்றலாமே என்று எல்லோரும் கேட்டார்கள். உலகத்தில் அந்த ஒரு சீடிதான் இருக்கிறது. அதை ஒருத்தன் கையில் கொடுத்துவிட்டு, அவன் உள்ளே போய் என்ன செய்கிறான் என்று தெரியாமல் வாசலில் நிற்க நான் தயாராக இல்லை. நானே பாடியும் பார்த்தேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் பாட்டுக்கு அவர் நல்ல காலத்திலேயே காது கொடுத்ததில்லை.

செட்டை மடியில் வைத்துக்கொண்டு த்ரீவீலில் கற்பிட்டிக்குப் போனேன். திருத்துகிறவர் ஒரு நிமிடம்தான் பார்த்தார். "லென்ஸ் போயிட்டு அக்கா. கடக்காத்துல உப்புப் பிடிச்சிட்டு. விட்டுட்டுப் போங்க." விட்டுட்டுப் போங்க என்ற சொல்லுக்கே எனக்கு உடம்பு கூசும். என் கண்முன்னால் திறந்து செய்யுங்கள் என்றேன். அவர் சிரித்தார். மடியில் வைத்துக்கொண்டே திரும்பி வந்தேன். ஆனால் வரும்போது, எந்த லென்ஸ், எப்படிப் பூட்டுவது என்று வாயைக் கிளறிக் கேட்டுக்கொண்டுதான் வந்தேன். தொடுவதற்கு முன் தண்ணிக் குழாயைத் தொடவேண்டுமாம், கையில் மின்சாரம் இருக்குமாம். பகிடி பண்ணுகிறார் என்றுதான் நினைத்தேன்.

சாமானைக் கொழும்பிலிருந்து கொண்டு வந்தது என் கணவரின் தம்பி. கண்டக்குழியில் வெள்ளைக்காரரைப் படகில் ஏற்றி டொல்பின் காட்டுவது அவருடைய தொழில். கடலில் டொல்பின் இல்லாத நாளிலும் வாயாலேயே காட்டிவிடுவார். எஞ்சின் சாமான் வாங்கக் கொழும்புக்குப் போனவர், கடைகடையாக ஏறி இறங்கி இதைத் தேடினாராம். அது அவர் சொன்னது. எனக்குத் தெரிந்தது, பளபளக்கும் சாம்பல் நிறப் பையில் ஒரு சாமான் வந்தது, பையில் சீல் இல்லை, மூலையில் ஒரு ஸ்டேப்ளர் முள் மட்டும் இருந்தது என்பதுதான். பையின் மேலே விரல் அடையாளம் இருந்தது. வாங்கி, அந்த அடையாளத்தை மனதில் குறித்து வைத்துக்கொண்டேன்.

காற்று கிளம்பும் முன் காலையிலேயே வேலையைத் தொடங்கினேன். மணல் வராமல் ஜன்னல்களைச் சாத்தி, மேசையில் பழைய துவாயை விரித்தேன். என் கணவரைப் பக்கத்தில் கதிரையில் இருத்தினேன். உப்பு தின்ற ஸ்குரூ ஆணிகள் ஒவ்வொன்றும் முனகிக்கொண்டு கழன்றன. புதுச் சாமானோடு பைக்குள் ஒரு மடித்த தாள் இருந்தது, முழுக்கச் சீன எழுத்து. அதை விரித்து, கழற்றிய ஆணிகளை அதன்மேல் வரிசையாக வைத்தேன். குழாயையும் போய்த் தொட்டேன், பகிடியாக இருந்தாலும் இருக்கட்டும் என்று. பழைய லென்ஸ் தட்டை எடுத்து, புதியதை வைத்து, பட்டை வயரைச் செருகி, சீடியை வைத்துப் பொத்தானை அமத்தினேன்.

சீடி இல்லை.

டோர்ச் அடித்து உள்ளே பார்த்தேன். லென்ஸ் அசையவே இல்லை, அதில் வெளிச்சத்தின் சாடையும் இல்லை. அப்போதுதான் அந்தச் சாமானின் பக்கத்துச் சின்னப் பலகையில் ஒரு ஈயப்பொட்டு கண்ணில் பட்டது. இரண்டு புள்ளிகளை ஒன்றாக மூடிக்கொண்டு, மிளகின் பாதி அளவில், கையால் வைத்தது என்று பார்த்தவுடனே தெரியும் பொட்டு. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. யாரோ ஏற்கெனவே ஈயம் வைத்துத் திருத்திய சாமான். ஏதோ ஒரு செத்த செட்டிலிருந்து கழற்றியது. அதைப் பையில் போட்டு, முள் குத்தி, புதிது என்று தம்பி என் வீட்டுக்குள் கொண்டு வந்திருக்கிறார்.

இந்த நேரம் பார்த்து என் கணவர் இடது கையை மேசைக்கு நீட்டி, தாளில் இருந்த ஆணிகளைத் தள்ளத் தொடங்கினார். இரண்டு ஆணி கீழே விழுந்தது. "சும்மா இருங்க" என்று கையை எடுத்துவிட்டேன். மறுபடியும் தள்ளினார். தன் தம்பியின் களவு வெளியே வருகிறது என்று குழப்பம் பண்ணுகிறார் என்றுதான் எனக்குப் பட்டது. கையில் ஒரு தட்டும் தட்டினேன். எழுதக் கூசுகிறது, ஆனால் தட்டினேன்.

போனை எடுத்தேன்.

"தம்பி, கழட்டின பழைய சாமானைக் குடுத்து என்னை ஏமாத்தலாம். உங்கட அண்ணனையும் ஏமாத்துறீங்களா?"

"என்ன அண்ணி கதைக்கிறீங்க? பெட்டியில இருந்து எனக்கு முன்னாலதான் எடுத்துத் தந்தாங்க."

"அப்ப ஈயம் வெச்சது ஆரு? நான் சொல்றதை நம்பாட்டி உங்கட அண்ணனையே கேளுங்க."

போனைக் கணவரின் வாய்க்குப் பக்கத்தில் பிடித்தேன். நன்றாக உரத்துக் கேட்டேன். "இஞ்சாருங்க, உங்கட தம்பி நம்மளை ஏமாத்திப் போட்டாரா?"

"ஓம்" என்றார் என் கணவர்.

காகத்துக்கும் சொல்லும் ஓம் அது. எனக்குத் தெரியும். தெரிந்தும் எனக்கு வேண்டிய சாட்சி கிடைத்துவிட்டது என்று ஒரு திருப்தி வந்தது. தம்பி போனை வைத்துவிட்டார்.

ஆத்திரத்தோடு செட்டைப் பழையபடி மூட நினைத்து, விழுந்த ஆணிகளைக் குனிந்து பொறுக்கினேன். நிமிர்ந்தபோது மிச்ச ஆணிகளையும் அவர் தள்ளிவிட்டிருந்தார். தாளை இடது கையால் இழுத்து என் மடியில் போட்டார். ஆணிகள் இருந்த இடத்தில் மூன்று படங்கள் இருந்தன. முதல் படத்தில் பட்டை வயரைச் செருகியிருந்தார்கள். இரண்டாவதில் ஈயம் உருக்கும் சொல்டரிங் அயனின் முனை அந்தப் பொட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது, பக்கத்தில் பெரிய அம்புக்குறி. மூன்றாவதில் பொட்டு இல்லை. சீனம் தெரியாதவளுக்கும் விளங்கும் படங்கள். அவற்றின் மேல் பன்னிரண்டு ஆணிகளை ஒழுங்காக அடுக்கி வைத்தவள் நான்தான்.

கையில் இருக்கும் மின்சாரம் லேசரைக் கொன்றுவிடாமல் இருக்க, செய்த இடத்திலேயே அப்படி ஈயம் வைத்து அனுப்புவார்களாம். பூட்டியபிறகு அதை எடுக்கவேண்டும். பொட்டு இருந்தால் அது புதுச் சாமான். இதைப் பின்னால் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அந்த நேரத்தில் எனக்கு ஞாபகம் வந்தது வேறு. இதே செட்டுக்கு இதே மேசையில் என் கணவர் முன்பு ஒருமுறை லென்ஸ் மாற்றியிருக்கிறார். நான் பக்கத்தில் நின்று டோர்ச் பிடித்தேன். அவர் ஆணி ஒன்றைப் பூட்டாமல் விட்டுவிடுவார் என்று சந்தேகப்பட்டு, முடியும்வரை ஆணிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஈயத்தை எடுத்தபோது நான் பார்க்கவே இல்லை.

அவருடைய தகரப் பெட்டியிலிருந்து சொல்டரிங் அயனை எடுத்துச் சூடாக்கினேன். முனையைப் பொட்டுக்குக் கிட்டக் கொண்டுபோனேன். அவர் இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கொஞ்சம் முன்னால் நான் தட்டிய கை. பொட்டு மினுங்கி உருகியதும் மணிக்கட்டை மெல்லத் தூக்கினார். ஈயம் அயனின் முனையோடு வந்துவிட்டது. இரண்டு புள்ளிகளும் தனித்தனியாகத் தெரிந்தன.

பொத்தானை அவர்தான் அமத்தினார். லென்ஸ் மேலும் கீழும் இரண்டு தரம் துள்ளியது, பக்கவாட்டில் ஒரு சிவப்புப் பொறி தெரிந்தது, சீடி சுற்றத் தொடங்கியது. முதல் வரியை அவர் விட்டுவிட்டார். இரண்டாவது வரியிலும் வாய் மட்டும் அசைந்தது. மூன்றாவது வரியில் குரல் வந்தது, தடுக்கித் தடுக்கி, ஆனால் சொல்லோடு.

அவர் பாடிக்கொண்டிருக்கும்போதே தம்பிக்குப் போன் எடுத்தேன். மூன்றாவது தரம்தான் எடுத்தார்.

"தம்பி, நான் பிழையாக் கதைச்சிட்டன். சாமான் புதுசுதான். எனக்குத்தான் பூட்டத் தெரியல்ல."

"பரவாயில்ல அண்ணி."

"உங்கட அண்ணன் சொன்னதை மனசில வெச்சிக்காதீங்க. அவர் எதைக் கேட்டாலும் ஓம் எண்டுதான் சொல்வார்."

"எனக்குத் தெரியும் அண்ணி. நேத்து அவரிட்ட, நான் கடலில தாண்டு சாகட்டா எண்டு பகிடிக்குக் கேட்டன். அதுக்கும் ஓம் எண்டார்."

"அப்ப ஏன் தம்பி போனை வெச்சீங்க?"

என் பின்னால் பாட்டு இரண்டாவதுக்குப் போய்விட்டது. அது தம்பிக்கும் கேட்டிருக்கும்.

"அண்ணன் சொன்னதுக்கு இல்ல அண்ணி," என்றார். "நீங்க கேட்டதுக்கு."