விற்ற காருக்கு வீல் பார்க்கப் போனது

பிள்ளைகளா,

தெருவில் சிவப்புக் கார் போனால் அப்பா ஏன் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார் என்று நீங்கள் இருவரும் அம்மாவிடம் கேட்டது என் காதில் விழுந்தது. "அது உங்கப்பாவோட மொத சம்சாரம்" என்று அவள் சொன்னதும் விழுந்தது. அவள் விளையாட்டாகச் சொன்னாள். நான் விளையாட்டில்லாமல் பதில் எழுதுகிறேன்.

அந்தக் காரை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். தாழ்வான வண்டி, சீறிக்கொண்டு கிளம்பும். உங்கள் ஆயாவுக்கு முழங்கால் வலி வந்தபிறகு அதில் உட்காருவதே பாடாகிவிட்டது. அதனால்தான் அதை விற்றுவிட்டு, இப்போது இருக்கிற ஏழு சீட்டு வண்டியை வாங்கினோம். சிவப்புக் காரை வாங்கியவன் திண்டிவனத்தில் மாட்டுத் தீவனக் கடை வைத்திருக்கும் பையன். கல்யாணம் ஆகாதவன். பேட்டரி வாங்க விழுப்புரத்தில் நம் கடைக்குத்தான் வருவான்.

போன மாதம் அவன் போன் செய்தான். "அண்ணே, நம்ம வண்டிக்கு வீல் மாத்தப் போறேன். பதினேழு இன்ச். நீங்க கூட இருந்தா நல்லாருக்கும்ண்ணே. உங்க வண்டிதானே அது."

உங்க வண்டி என்று அவன் மரியாதைக்குச் சொன்னான். எனக்கு மிளகாயைக் கடித்தது மாதிரி இருந்தது. ஏனென்றால் அந்த வண்டிக்கு அலாய் வீல் போட வேண்டும் என்று நான் எத்தனையோ நாள் ஆசைப்பட்டிருக்கிறேன். எந்த அளவு, எந்த டிசைன் என்றுகூடப் பார்த்து வைத்திருந்தேன். "இப்ப இருக்கிறது இன்னா உருளாமலா கெடக்குது?" என்று உங்கள் அம்மா ஒரு வார்த்தை கேட்டாள். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டேன். பத்தாவதோடு படிப்பை விட்டவனுக்கு நியாயம் பேசத் தெரியாது, ஆசைப்படத்தான் தெரியும்.

கடையைப் பூட்டிவிட்டுப் போனேன். திண்டிவனம் பைபாஸ் ஓரத்தில் டயர்க் கடை. வண்டி ஜாக்கியில் நின்றது. பழைய சக்கரங்கள் சுவரோரம் சாய்ந்திருந்தன. அவற்றை ஞாயிற்றுக்கிழமைதோறும் கழுவியது நான்.

நீங்களும் நாளைக்கு வண்டி வாங்குவீர்கள், அதனால் இதைச் சொல்லிவைக்கிறேன். வீல் வாங்கும்போது எத்தனை இன்ச் என்று மட்டும் பார்க்கக்கூடாது. ரிம் பெரிதானால் டயரின் உயரம் அதற்குத் தகுந்தபடி குறைய வேண்டும். இல்லாவிட்டால் மொத்தச் சக்கரமும் பெருத்து, ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லும். அடுத்தது ஆஃப்செட். ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, அது வண்டியோடு சேருகிற முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்கிற கணக்கு. அந்த எண் கூடினால் சக்கரம் உள்ளே போகும், குறைந்தால் வெளியே வரும். நம் வண்டிக்கு கம்பெனி கொடுத்தது பதினைந்து இன்ச், ஆஃப்செட் நாற்பத்தைந்து. அவன் எடுத்து வைத்திருந்தது பதினேழு இன்ச், அகலமும் அதிகம், ஆஃப்செட் முப்பத்தைந்து. சக்கரம் மட்கார்டு விளிம்புவரை வந்து நிற்கும்.

மாட்டி இறக்கினார்கள். என்ன சொல்வது, வண்டி அப்படியொரு அழகு. என் கையில் இருந்தவரை அது இவ்வளவு அழகாக நின்றதே இல்லை. அவன் சுற்றிச் சுற்றி வந்து போனில் படம் எடுத்தான்.

"இன்னாண்ணே, எப்டி இருக்குது?"

"நல்லாத்தான் இருக்குது" என்றேன். அதைச் சொல்லவே எனக்குப் பிடிக்கவில்லை.

எனக்கு மட்டும் தெரிந்தது ஒன்று இருந்தது. நம் வீட்டு கேட் தூணில் ஒருமுறை இடது பின்பக்கம் உரசி, டிங்கர் தட்டி நிமிர்த்தி, பட்டி போட்டு பெயிண்ட் அடித்தோம். அந்த இடத்தில் மட்கார்டு விளிம்பு உள்பக்கமாக மடிந்தே நின்றுவிட்டது. தட்டிய விஷயத்தை விற்கும்போதே சொன்னேன். அவன் மறந்திருப்பான். ஆள் இல்லாத வண்டியில் ஒன்றும் தெரியாது. பின்சீட்டில் ஆள் ஏறி வண்டி இறங்கினால் டயர் அங்கே தேயும். சிநேகிதர்களை ஏற்றிக்கொண்டு மயிலம் போவான், திருப்பத்தில் கர்ரென்று கேட்கும், அவன் முகம் விழும். டீ வந்தது. குடித்து முடிக்கும் மட்டும் அந்த முகத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன். இனிப்பாகத்தான் இருந்தது.

கடைக்காரர் நல்ல பருமனான ஆள். வீலைத் தட்டிக்கொண்டே, "பின்னாடி எங்கனா உரசுச்சினா எடுத்துக்கினு வா தம்பி. கிரைண்டர் போட்டு விளிம்ப அறுத்துடலாம், அஞ்சு நிமிஷ வேலை" என்றார்.

அறுப்பதா? டீ கிளாஸைக் கீழே வைத்தேன். "பின்சீட்ல ஆள ஏத்திப் பாக்காம பில்லு போடாத" என்றேன்.

"அதுக்கு நான் ஒருத்தன் போதுமே, நாலு மூட்டை கணக்கு" என்று சொல்லிக் கடைக்காரரே ஏறினார். அந்தப் பையன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கடை மெக்கானிக் ஓட்டினார்.

அந்த வண்டியின் பின்சீட்டில் நான் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். இத்தனை வருஷமும் ஸ்டியரிங் பின்னால்தான் இருந்தேன். டிரைவர் சீட்டின் முதுகில் நீங்கள் ஒட்டிய டைனோசர் ஸ்டிக்கர் பாதி கிழிந்து அப்படியே இருந்தது. கீழே உங்கள் ஷூ உதைத்த கறுப்புக் கறை. அவன் எதையும் துடைக்கவில்லை. அதுவும் இப்போது அவனுடையது.

சர்வீஸ் ரோடு வேகத்தடையில் ஏறி இறங்கியதும் இடது பக்கம் கர்ரென்றது.

"இன்னாண்ணே இது? உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும். அதான் ஏறச் சொன்னேன். பதினாறு இன்ச் போடு. ஆஃப்செட் நாப்பது. சக்கரம் இவ்ளோ வெளிய வராது, அறுக்கவும் வேணாம்."

அவனுக்கு மனசில்லை. ஆனாலும் மாட்டிப் பார்த்தான். அதே மூன்று பேர், அதே வேகத்தடை. சத்தமில்லை. இறங்கித் தள்ளி நின்று பார்த்தேன். சாம்பல் நிறம், மெல்லிய ஐந்து ஆரக்கால். நான் முன்பு ஆசைப்பட்டுப் பார்த்து வைத்திருந்ததும் இதே அளவு, இதே மாதிரி டிசைன். பதினேழைவிட இதுதான் அந்த உடம்புக்குச் சரியாக இருந்தது. என் ஆசையை என் வாயாலேயே சொல்லி அவன் வண்டியில் மாட்டிவிட்டேன்.

"நீங்க இல்லனா பேஜாராயிருக்கும்ண்ணே. ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க" என்று சாவியை நீட்டினான்.

"கடை தொறக்கணும்பா" என்றேன். ஓட்டியிருந்தால் திருப்பிக் கொடுக்க மனம் வந்திருக்காது.

திரும்பும்போது கூட்டேரிப்பட்டு தாண்டி, புளியமரத்தடியில் நம் ஏழு சீட்டு வண்டியை ஓரங்கட்டினேன். இறங்கி, முன்சக்கரத்தின் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினேன். உள்ளே இரும்பு ரிம்மில் சேறு காய்ந்திருந்தது. கர்ச்சீப்பால் துடைத்து, குனிந்து, அதில் குத்தியிருந்த ஆஃப்செட் எண்ணைத் தேடிப் படித்தேன். பிறகு மூடியைத் திரும்ப வைத்து உள்ளங்கையால் தட்டினேன்.