தொப்புளைப் பறிக்கும் மேளக்காரன்

மனைவி இறந்த ஆண்டின் கோடையில், சுவிட்சர்லாந்தின் எம்மன்புரூக்கேயில் எங்களுக்குக் கீழ்த்தளத்தில் குடியிருந்த ஜப்பானியப் பெண்ணை நான் நம்பவில்லை. மகள் தொழிற்சாலையிலும் நான் உணவகச் சமையலறையிலும் நின்ற நேரங்களில் மூன்று வயதுப் பேத்தியை அவர்தான் பார்த்துக்கொண்டார். அந்த ஏற்பாட்டைச் செய்தவள் என் மனைவி. அவள் இருந்தவரை அதில் ஆராய எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றியதில்லை.

ஒரு பிற்பகல், இடி முழங்கிக்கொண்டிருக்கையில் குழந்தையை அழைத்துவரப் போனேன். அதன் வயிற்றைச் சுற்றித் தடித்த சிவப்புத் துணியொன்று இறுகக் கட்டப்பட்டிருந்தது. ஏன் என்று ஜெர்மனில் கேட்டேன். "ஒன்றுமில்லை, இடி" என்றார். காயத்தை மறைக்கிறார் என்றே எண்ணினேன். மாடிக்கு வந்ததும் கட்டை அவிழ்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை. குழந்தையோ அலறிக்கொண்டு வயிற்றைப் பொத்தியது.

"கட்டுங்கோ அம்மப்பா! மேளக்காரன் என்ர தொப்புளைக் கொண்டு போயிடுவான்!"

"கொண்டுபோய்?"

"சாப்பிடுவான். உங்கடயையும்தான்."

சிறு குழந்தையை இப்படி அச்சுறுத்துபவர் வேறென்ன செய்யமாட்டார்? லுசேர்ன் நூலகத்தில் தேடினேன். தலையில் கொம்புகள், முதுகைச் சுற்றி வளையமாக மேளங்கள்: ராய்ஜின் என்னும் இடிக்கடவுள். வயிற்றை மூடாத பிள்ளைகளின் தொப்புளைப் பறிப்பானாம். மழைக்கு முன் சட்டென்று குளிரும் காற்றிலிருந்து குழந்தைகளைக் காக்க எழுந்த நம்பிக்கையாக இருக்கலாம் என்றும் எழுதியிருந்தது. ஆக, அவர் பொய் சொல்லவில்லை. அது எனக்கு நிம்மதி தரவில்லை.

"நாளையிலயிருந்து பிள்ளையைக் கீழ விடாதை" என்றேன் மகளிடம்.

"அப்ப வேலைக்கு ஆர் போறது? நீங்கள் வீட்டில நிக்கிறியளோ?" என்றவள், துணியை உட்புறமாகத் திருப்பிக் காட்டினாள். "இது ஆரின்ர சீலை எண்டு பாருங்கோ. அம்மாவும் அவவும் இருந்து தைச்சவை."

உட்புறம் என் மனைவியின் நீலப் பருத்திச் சேலை. அவளுடைய நெருக்கமான தையல்.

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் விளக்கம் கேப்பியள் எண்டு அம்மாவுக்குப் பயம்."

கடைக்குப் போகவே ஜெர்மன் போதாதவள், அந்தப் பெண்ணோடு வேறென்ன கதைத்திருப்பாள்? தன் நோயை அவள் எங்களிடம் சொன்னபோது காலம் கடந்திருந்தது. அவரிடம் முன்பே சொல்லியிருந்தாளோ?

மறுநாள் குழந்தையை நானே கீழே கூட்டிச் சென்றேன். முன்கூட்டியே அமைத்து வைத்திருந்த வாக்கியத்தை வாசலில் நின்று கேட்டேன்: என் மனைவி உங்களிடம் வலியைப் பற்றி எப்போதாவது சொன்னாளா?

அவர் குனிந்து குழந்தையின் சப்பாத்துகளைக் கழற்றினார். அவற்றைச் சுவரோரம் சேர்த்து வைத்த பின்னரே, "இல்லை" என்றார்.

அந்தப் பதிலை நான் இன்றுவரை நம்பவில்லை. ஆயினும், அன்றும் அதற்குப் பின்னரும் பேத்தியை அவரிடமே விட்டுச் சென்றேன்.