திடீர்ச் சோதனைக்கு ஒரு வண்டி

லஞ்சம் வாங்குகிறவரைப் பிடிக்கும் வேலைக்கு முதலில் வேண்டியது துணிச்சல் என்றுதான் நானும் நினைத்தேன். வண்டி என்பது பிறகுதான் தெரிந்தது. தொண்ணூறுகளில் கல்கத்தாவில், ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் விஜிலன்ஸ் பிரிவில் குப்பை கொட்டினேன். ஒரே படிவத்தை மூன்று பிரதிகளில் நிரப்பி நொந்தவர்களே, உங்களுக்கு என் கஷ்டம் புரியும்.

பேனருக்குப் பணம்

ஊழலை ஒழிக்க எவ்வளவு வேண்டுமானாலும் அரசு தரும் என்று தலைமையகத்துப் பெரியவர் மேடையில் முழங்கிவிட்டுப் போனார். பணமும் வந்தது. பேனருக்கு, உறுதிமொழி அட்டைக்கு, ஆளுக்கு இரண்டு சந்தேஷ் இனிப்புக்கு. எங்கள் ஜீப் மட்டும் டயர் இல்லாமல் செங்கல் மேல் நின்றது. டயருக்குக் கேட்ட பணம் என்ன ஆயிற்று என்று என் அதிகாரி முகர்ஜியிடம் கேட்டேன்.

“அது அடுத்த பட்ஜெட்ல பாக்கலாம் சௌந்தர். இப்போ சந்தேஷ் சாப்பிடு.”

ஹவுராவிலிருந்து ஒரு புகார்

சரோஜா அம்மாளின் கணவர் எங்கள் ஹவுரா ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். அவர் இறந்துபோய் எட்டு மாதமாகியும் குடும்பப் பென்ஷன் வரவில்லை. ஃபைலை நகர்த்த, சால்ட் லேக் அலுவலகத்து தாஸ் பாபு கை நீட்டுகிறாராம். மாதக் கடைசிக்குள் வாடகை பாக்கியைத் தீர்க்காவிட்டால் வீட்டுக்காரர் வெளியேற்றிவிடுவார். அந்த அம்மாள் அழவே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஆளைக் கையும் களவுமாகப் பிடித்துக் காட்டுகிறேன் என்று வீராப்பாகச் சொன்னேன்.

“அவனைப் பிடிச்சு நான் என்ன தம்பி பண்ணப் போறேன்? பென்ஷனை வாங்கிக் குடுங்க.”

எங்கே, எதற்கு?

ஆபீஸ் பொது வண்டி கேட்டுப் படிவம் எழுதினேன். ‘எங்கே, எதற்கு’ என்ற கட்டம் காலியாக இருந்தால் வண்டி கிடைக்காது. ‘சால்ட் லேக் பென்ஷன் பிரிவு, திடீர்ச் சோதனை, நாளை காலை பத்தரை’ என்று அழகாக நிரப்பினேன். போகிற அலுவலகத்துக்கு ஒரு நகல் அனுப்ப வேண்டும் என்பது விதி. பழக்க தோஷம், அதையும் என் கையாலேயே அனுப்பித் தொலைத்தேன்.

மறுநாள் ரசாயனப் பொடி தடவிய நோட்டுகளோடு சரோஜா அம்மாளை முன்னே விட்டு, நாங்கள் பின்னே பதுங்கிப் போனால், வாசலிலேயே நிற்கிறார் தாஸ் பாபு. எனக்கு மானமே போயிற்று.

“பத்தரைன்னு எழுதியிருந்தீங்களே சௌந்தர் பாபு, பதினொண்ணு ஆச்சு. டீ ஆறிப்போச்சு.”

காலி மேசை

உள்ளே அவர் மேசையில் ஒரு ஃபைல்கூட இல்லை. சோதனைக்குப் பயந்து, தேங்கியிருந்த அத்தனையையும் முந்தின நாளே முடித்திருந்தார். சரோஜா அம்மாளின் பென்ஷன் உத்தரவும் தயார். அதை வாங்கிக்கொண்டு வெளியே வந்தவரிடம், ஆளைக் கோட்டை விட்டுவிட்டேனே என்று மன்னிப்புக் கேட்டேன்.

“நீங்க சொல்லாம வந்திருந்தா அவன் ஜெயில்ல இருப்பான் தம்பி, என் ஃபைலு சாட்சின்னு உங்க பீரோவுல இருக்கும்.”

ஊழல் ஒழிப்புக்கு அரசு ஒதுக்கிய பணத்தால் யாருக்கு என்ன நன்மை என்று எனக்குத் தெரியாது. டயருக்கு ஒதுக்காத பணத்தால் ஒரு குடும்பம் வாடகை கட்டியது.